பக்கத்துக் கடை

ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். பூட்டுக்கு ஒரு சாண் மேலே, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பெயிண்ட் கீழே வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்துவிட்டு அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக நேரே கடைக்கு வந்தேன். யாரோ விளையாட்டுக்குக் கிறுக்கியிருப்பார்கள் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். வாட்ச் கடை ஷட்டரில் வட்டம். பை கடையில் வட்டம். பூட்டியிருந்த ஒவ்வொரு கடையிலும் வட்டம், என் கடையில் மட்டும் பெருக்கல்.

அந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று காம்ப்ளக்ஸில் எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இதே இடத்தில் புதிதாக ஒன்று எழும்பும். அதுவரை பழைய பஸ் நிலைய மைதானத்தில் தகர செட் போட்டுத் தருவார்கள். செட்டுக்கு வருகிறேன் என்பவர்களுக்கு வட்டம். பட்டது போதும் என்று கடையையே விட்டுவிடுகிறவர்களுக்குப் பெருக்கல். கணக்கெடுக்க இதோ வருகிறார்கள், அதோ வருகிறார்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நான் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். செட்டுக்குத்தான் போவேன். வெயிலில் வெந்தாலும் சரி, மழையில் நனைந்தாலும் சரி, இங்கே இருக்கிற மாதிரியே அங்கேயும் கண்ணாடிக்காரர் கடைக்குப் பக்கத்தில் என் கடை இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, அவரிடமும்.

எங்கள் காம்ப்ளக்ஸ் ஒன்றும் மாளிகை இல்லை. இரண்டு மாடி, நடுவில் கிணறு மாதிரி ஒரு திறப்பு, அதற்கு மேல் கண்ணாடிக் கூரை. கட்டிய புதிதில் அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கென்றே ஜனம் வருமாம். இப்போது மழை பெய்தால் அதற்குக் கீழே வாளி வைக்கிறோம். எஸ்கலேட்டர் ஒன்று உண்டு. அது நின்றுபோய்ப் பல வருடமாகிவிட்டதால் படிக்கட்டு என்றுதான் சொல்வோம். வாசலில் புதுக் கட்டடத்தின் படத்தைப் பெரிய பலகையாக நட்டு வைத்திருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் கண்ணாடி, தொட்டிகளில் மரம், பைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடக்கும் மனிதர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட வயதாகவில்லை. ஒருவரைப் பார்த்தாலும் ஜட்டி வாங்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை.

என் கடை உள்ளாடைக் கடை, அதனால் சொல்கிறேன். கணவர் போன பிறகு நான் தொடங்கியது. பெண்கள் இன்னொரு பெண்ணிடம் கூச்சமில்லாமல் அளவைச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அது பலித்தது. மகளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கடைதான். அதை ஒட்டினாற்போல் மூக்குக் கண்ணாடிக் கடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் நான் திறந்த பெட்டியை மூடிவிட்டுச் சிரிப்பேன், அப்படி ஒரு தும்மல்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. பகலில் யாரும் ஷட்டரை இறக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெளியூருக்கே போனாலும் பக்கத்துக் கடையைப் பார்த்து, "பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்த்துக்கொள்வது என்றால் சும்மா காவல் உட்கார்ந்திருப்பது இல்லை. விற்க வேண்டும். பேரம் பேசினால் குறைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். சரக்கு வந்தால் இறக்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் சொல்வதுதான் கடையின் சொல். திரும்பி வந்தவர் "ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்று மட்டும் கேட்கவே கூடாது. பை கடை அக்கா ஒருமுறை வாட்ச் கடை அண்ணனைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் வெகுகாலம் அவள் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

என் கடையைக் கண்ணாடிக்காரர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வந்த பெண் எதையோ கேட்க, மனுஷன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மூணாவது தட்டுல இருக்கும்மா, நீங்களே எடுத்துக்கங்க" என்றாராம். போகப் போகத் தேறிவிட்டார். ஆளைப் பார்க்காமல் குரலை வைத்தே அளவு சொல்லிவிடுவார் என்று பை கடை அக்கா கேலி செய்வாள். நானும் அவர் கடையில் கழன்ற ஸ்க்ரூவை முடுக்க, மூக்கில் உட்காரும் ரப்பரை மாற்ற, சுவரில் இருக்கும் எழுத்துகளை வந்தவர்களிடம் காட்டி வாசிக்கச் சொல்லக் கற்றுக்கொண்டேன். என் கடையின் மாற்றுச் சாவி அவர் சாவிக்கொத்தில், அவர் கடையினுடையது என்னுடையதில்.

அன்று காலை அவர் கடைக்குள் போனபோது ஃப்ரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. கொழந்த எப்படி இருக்கு? யாரு ஜாடை?"

"அது கெடக்கட்டும். என் ஷட்டர்ல என்னங்க அது?"

"அதுவா? நான்தான் சொன்னேன். ரெண்டு பேரு வந்தாங்க. இந்தக் கடைக்காரங்க என்ன பண்ணப் போறாங்கன்னு கேட்டாங்க. விட்டுடறாங்கன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்ட சாமானை மறக்காமல் வாங்கி வந்துவிட்டவரின் முகம். "நீங்கதான சொன்னீங்க, அன்னிக்கு மழைக்கு வாளி வச்சிட்டிருந்தப்ப. இந்தக் கட்டடம் விழுந்தா எனக்கு விடுதலை, மக வீட்டுல போயி கால நீட்டி உக்காந்துருவேன்னு."

சொன்னேன்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. இடுப்பு வலியோடு வாளியைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது வாயில் வந்ததைச் சொன்னேன். கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கடையைத் திட்டுவார்கள், பெற்ற பிள்ளையைத் திட்டுகிற மாதிரி. வேறு யாராக இருந்தாலும் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டிருப்பார்கள். இவர் நான் சொன்னதை மனதில் பத்திரமாக வைத்திருந்து, சமயம் வந்ததும் எடுத்து நீட்டிவிட்டார்.

ஒரு போன் போட்டிருக்கலாமே என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். பார்த்துக்கொண்டவரைக் கேள்வி கேட்கக் கூடாது. வருடக்கணக்காக அவர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஒருமுறை அவருடைய விலை கூடின ஃப்ரேமை நான் சாதாரண ஃப்ரேம் என்று கொடுத்து அனுப்பிவிட்டேன், அதற்கும் கேட்கவில்லை. "போனது நல்ல மூக்குக்குத்தான போச்சு" என்றார்.

அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"நான் போறதுல உங்களுக்குச் சந்தோஷமா?"

"எனக்கு என்னங்க இருக்கு இதுல? நீங்க நிம்மதியா இருக்கணும்ல." துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கயும் போகல. செட்டுக்குத்தான் வரணும்னு இருந்தேன்."

துணி அவர் கையில் நின்றது. அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மனிதர் சந்தோஷப்பட்டார். நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தான் செய்தது என்னவென்று உறைத்து, "ஐயோ" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு அறை வீடு. ஹாலில் எனக்குப் படுக்கை போட்டுத் தருகிறார்கள். மாப்பிள்ளை நான் விழித்துவிடக் கூடாது என்று விளக்கைப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். நல்ல பிள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் மூச்சு முட்டும். குழந்தையைக் குளிப்பாட்டினேன், துணி துவைத்தேன், சமைத்தேன். சாயங்காலம் ஆனால் மட்டும் ஏதோ ஒன்றுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது. அது அந்தத் தும்மல்தான் என்று கண்டுபிடித்த அன்று எனக்கே வெட்கமாக இருந்தது. பேரன் எடுத்துவிட்டவள் நினைக்கிற நினைப்பா இது?

ஆனால் நினைத்தேன். காம்ப்ளக்ஸில் ஆண்கள் எல்லோரும் எனக்கு அண்ணன்தான். என்னைவிடச் சின்னவராக இருந்தாலும் வியாபாரத்துக்கு அண்ணன். இவரை மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. "என்னங்க", "இந்தாங்க" என்று சொல்லியே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன். அவரும் என்னை அக்கா என்றோ தங்கச்சி என்றோ அழைத்ததில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, அம்மா போனபோது வயதைத் தாண்டிவிட்டிருந்தவர். மதியத்தில் அவர் டிபன் கேரியரில் ஒரு அடுக்கும் என்னுடையதில் ஒரு அடுக்கும் இடம் மாறும். அதற்கு மேல் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்று சொல்லும்போதே எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரிகிறது.

மறுநாள் இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். காம்ப்ளக்ஸின் கீழ்த்தளத்தில், காலியாகிப்போன ஐஸ்கிரீம் கடையைத்தான் இடிப்பு வேலைக்கான அலுவலகமாக்கியிருந்தார்கள். சுவரில் கோன் ஐஸ் படம் இன்னும் அப்படியே இருந்தது. பின்பக்கத்துக் கட்டடத்தில் இடிக்கத் தொடங்கிவிட்டதால் சுவரைத் துளைக்கும் சத்தம் பல்லில் வந்து கூசியது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரிப் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். எழுந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பேசியதை முழுக்கக் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குன்னு இருந்த செட்ட காத்துட்டிருந்த இன்னொருத்தருக்குக் குடுத்தாச்சு. ஒரே ஒரு வழி இருக்கு. சொன்னவரு உங்க வீட்டு ஆளா இருந்தா சொன்னது சொன்னதுதான், மாத்த முடியாது. சம்பந்தமே இல்லாத ஆளு சொல்லிட்டாருன்னா, தப்பான தகவல்னு போட்டு வேற செட் தரலாம்." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "சார், இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"யாரும் இல்லம்மா" என்றார். "பக்கத்துக் கடை."

"அத அப்படியே சொல்லுங்க சார், வீடியோ எடுத்துக்கறேன். பின்னால கேள்வி வந்தா காட்டணும்." அவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இவங்க எனக்கு யாரும் இல்ல. இவங்க கடையப் பத்திச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல. தெரியாம சொல்லிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது பின்னால் எதுவோ பொத்தென்று விழுந்தது. அந்தப் பெண் போனைக் காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, "சரியா விழல சார், இன்னொரு தடவ சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா" என்றாள்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சத்தமாக. எனக்காகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் சுருக்கென்று ஏறியது. அடுத்து போன் என் பக்கம் திரும்பியது. நான் மாட்டேன் என்று எழுந்திருக்கலாம். ஆனால் எழுந்தால் கடை போய்விடும், கடை போனால் இவர் பக்கத்தில் நான் எதைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பேன்? அதனால் நானும் சொன்னேன்.

"இவரு எனக்கு யாரும் இல்ல."

என் குரல் ஒரே தடவையில் சரியாக விழுந்தது.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டுச் சிரித்தாள். "உங்களுக்குக் கிடைச்சிருச்சும்மா. கடைசி வரிசை, ஜெனரேட்டர் பக்கம்."

"சாரோட கடைக்குப் பக்கத்துல இல்லையா?" என்றேன்.

"அது ஜூஸ் கடைக்குப் போயிருச்சே. சாரு முதல் வரிசை, நீங்க அந்தக் கோடி."

"என்னையும் அந்தக் கோடிக்கு மாத்திருங்களேன்" என்றார் அவர். அவ்வளவு வேகமாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பக்கத்துல பக்கத்துல வேணும்னா குடும்பத்துக்கு மட்டும்தான் சார் தரலாம். புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பி அந்த மாதிரி." அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "நீங்கதான் இப்ப யாரும் இல்லன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்களே." கிண்டலாகச் சொல்லவில்லை. பாவம், அவளுக்கு அது ஒரு தகவல்.

எஸ்கலேட்டர் படியில் ஏறி வந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று ஏதாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். என் ஷட்டரில் வட்டம் போடப் பெயிண்டோடு ஒரு ஆள் சாயங்காலமே வந்தான். பெருக்கலை அழிக்காமல் அதன் மேலேயே வட்டத்தைப் போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை நான் கடையைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். சாவிக்கொத்திலிருந்து என் மாற்றுச் சாவியை மட்டும் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இது இனிமே என்கிட்ட இருக்கறது சரியா வராது" என்றார். "கேமரால சொல்லிட்டு வந்துருக்கோம்."

இதற்குச் சிரிப்பதா அழுவதா? நான் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். மழையில் சொன்னதை எடுத்துக்கொண்டார். போனைப் பார்த்துச் சொன்னதையும் எடுத்துக்கொண்டார். வெறும் பேச்சுங்க அது, செட் வாங்கறதுக்காகச் சொன்னது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால், அப்படியானால் நிஜம் என்னவென்று அடுத்த கேள்வி வருமே. அந்தக் கேள்விக்குப் பயந்து சாவியை வாங்கிக்கொண்டேன். அவருடையதைக் கழற்றிக் கொடுத்தேன். இரும்பு வளையத்திலிருந்து எடுக்க வராமல் நகம் உடைந்தது.

மிச்சமிருந்த நாட்களில் வெளியே போகும்போது நான் ஷட்டரை இறக்கினேன். வரிசையில் அந்தச் சத்தத்தைப் பகலில் யாரும் கேட்டதில்லை. பை கடை அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, சண்டையா?" என்றாள். "சண்ட போடறதுக்கு அவரு எனக்கு யாருக்கா?" என்றேன். விளையாட்டாகச் சொல்ல நினைத்ததுதான். அப்படி வரவில்லை.

செட் தகரத்தில் காலை முதலே அனல் இறங்கும். ஜெனரேட்டர் ஓடும்போது வாடிக்கைக்காரிகள் அளவைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்கள். என் செட்டுக்கு ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் காலி செட். முதல் வரிசைக்கும் எனக்கும் நடுவில் மைதானம் முழுக்கக் கடைகள். ஒரு வாரம், பத்து நாள் என்று ஓடியது. அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. மகள் போனில் குழந்தை சிரிக்கிற சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டு, "தனியா அங்க என்னம்மா பண்ற? பேசாம வந்துரேன்" என்றாள். "கடைய யாரு பாத்துக்கறது?" என்றேன். சொன்ன பிறகு போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

முகத்தைக் கழுவிக்கொண்டு தகரக் கதவை இழுத்துப் பூட்டினேன். நல்ல மதியம். வியாபாரம் நடக்கிற நேரம். வரிசைகளைத் தாண்டி நடந்தேன். வழியில் வாட்ச் கடை அண்ணன், "எங்க இந்த வெயில்ல?" என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. புதுப் பூட்டு. ஒரு பக்கத்தில் ஜூஸ் கடை, கூட்டம் மொய்த்தது. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி விற்கிற ஒருவர். காம்ப்ளக்ஸ்காரர் இல்லை, புதுமுகம். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டு நிழலில் நின்றிருந்தார்.

"கண்ணாடிக்காரர் இல்லையா?" என்றேன்.

"இப்பதான் பூட்டிட்டுப் போனாரு. எங்கன்னு சொல்லல. டெய்லியும் இந்த நேரத்துக்கு அந்தக் கோடிப் பக்கமா போறதுதான். கொஞ்ச தூரம் போயிட்டுப் பாதியிலயே திரும்பி வந்துருவாரு." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? வந்தா யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்?"

பக்கத்துக் கடை என்று சொல்ல முடியாது, நான் இப்போது பக்கத்துக் கடை இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு என் முகத்தில் என்ன கண்டாரோ, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவித் தூசியைத் தட்டிப் போட்டார். "உக்காருங்கம்மா. வெயிலு."

பூட்டிய கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தக் கோடியில் என் கடையும் பூட்டிக் கிடந்தது. வாடிக்கைக்காரிகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், போகட்டும். தகரத்தில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் வரிசையின் கடைசி தெரியவில்லை. அங்கிருந்து யாரோ மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கையால் நெற்றியை மறைத்துப் பார்த்தேன். இன்னும் அடையாளம் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.